வராத சட்டங்களின் வக்கீல்

மழை வருமா என்று கேட்டால்கூட அந்த வக்கீல் வரும் என்றோ வராது என்றோ சொன்னதில்லை. செக்காலை ரோட்டில் எங்கள் அலுவலகங்கள் இருந்த கட்டடத்துக்குக் கீழே ஒரு டீக்கடை. அதை நடத்தியவர் அவரிடம் எதையாவது கேட்டு வம்பிழுக்காமல் டீ ஆற்ற மாட்டார்.

"என்ன சார், மேகம் கூடியிருக்கு. இன்னைக்கு ஊத்துமா?"

வக்கீல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வானத்தைப் பார்ப்பார். "இப்போதைக்கு வரைவுதான்ப்பா. வந்தா நனைவோம்."

"அப்ப கையில என்ன அது, குடையா?"

"ஆமா, குடைதான்."

"மழை வரும்னு மட்டும் சொல்ல மாட்டீக. குடைய மட்டும் மறக்காமக் கொண்டாந்துருவீக."

"வந்தா என்ன செய்யலாம்னு யோசிக்கிறது வேற. வந்துருச்சுன்னு சொல்லுறது வேற. டீயக் குடு."

மாடியில் எதிரெதிரே இரண்டு அறைகள். ஒன்று அவருடையது, மற்றது என்னுடையது. நான் கட்டட வரைபடம் போடுகிறவன். என் அப்பா கதவும் நிலையும் செய்த தச்சர். நான் அதே அளவுகளைக் காகிதத்தில் போட்டுப் பிழைக்கிறேன். தெருவில் எல்லோரும் என்னை இன்ஜினியர் என்பார்கள். வக்கீல் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. "இன்ஜினியர் இருக்காரா?" என்று யாராவது அவரிடம் விசாரித்தால், "டிப்ளமோகாரரா? உள்ளதான் இருக்காரு" என்பார். முதலில் எனக்குக் கோபம் வந்தது. தன்னையும் அவர் விட்டுவைப்பதில்லை என்று பிறகு கண்டுகொண்டேன். பெரிய வக்கீல் என்று யாராவது அறிமுகம் செய்தால், "கோர்ட்டுப் பக்கம் போயி வருசக்கணக்காச்சு. வரிக் கணக்குப் பாக்குறவன்" என்று உடனே திருத்துவார்.

வரிக் கணக்கு பிழைப்புக்கு. அவர் மனசு இருந்தது இன்னும் வராத சட்டங்களில். சொத்து வரி, பத்திரப் பதிவு, கட்டட விதி, காப்பீடு என்று ஏதாவது ஒன்றில் மாநில அரசு ஒரு வரைவை வெளியிட்டு, பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம் என்று அறிவித்துவிட்டால், மாடிப்படி ஏறும் வேகமே மாறிவிடும். முழுவதையும் அச்செடுத்து, ஓரத்தில் துளையிட்டு நாடாவால் கட்டுவார். கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிக்க ஆரம்பிப்பார். எப்போது நடைமுறைக்கு வரும் என்பது அங்கே இருக்கும். அடுத்து, சொற்களுக்குப் பொருள் சொல்லும் பகுதி. வீடு என்று அரசாங்கம் எதைச் சொல்கிறது, குடியிருப்பவர் என்று யாரைச் சொல்கிறது என்று பார்ப்பார். அதற்குப் பிறகுதான் மற்ற பக்கங்கள். ‘ஆயினும்’ என்று தொடங்கும் வரி எங்கே வந்தாலும் அதன் அடியில் பென்சில் கோடு விழும்.

"ஆயினும்னு ஆரம்பிக்கிற எடத்துலதான் ஆளு சிக்குவான், பாத்துக்கிடுங்க" என்பார்.

படித்து முடித்ததும் என் அறைக்கு வந்து ஜன்னலோரம் நிற்பார். அங்கிருந்து தெருவின் இரண்டு பக்கமும் தெரியும். "இந்தப் பிரிவை இப்ப அந்தச் செருப்புக் கடைக்குள்ள விட்டுப் பாப்போம்" என்பார். கடை யார் பேரில், மாடியில் குடியிருப்பது யார், பின்பக்கத் தகரக் கொட்டகை வரைபடத்தில் உண்டா என்று என்னைக் கேட்டுக் கேட்டு, அந்தப் பிரிவை ஒவ்வொரு கதவு வழியாகவும் உள்ளே அனுப்பிப் பார்ப்பார். சட்டம் என்பது ஊருக்கெல்லாம் பொதுவாக வந்து இறங்குவதில்லை, ஒரு குறிப்பிட்ட வாசலில் நுழைந்து ஒரு குறிப்பிட்ட ஆளின் சட்டையைப் பிடிக்கிறது என்பது அவர் எண்ணம். அந்த ஆள் யார் என்று தெரியும் வரை பிரிவு புரிந்துவிட்டதாக ஒப்புக்கொள்ள மாட்டார்.

பிறகு வணிகர்கள் கூடும் மண்டபத்தில் ஒரு மாலை விளக்கம் சொல்வார். கூலி கிடையாது. காபியும் வடையும் உண்டு. பழைய ஆலைக் கட்டடங்களுக்கெல்லாம் காப்பீட்டுச் சான்று கேட்கப் போவதாக ஒரு வரைவு வந்தபோது புதுவயலிலிருந்து ஓர் அரிசி ஆலைக்காரர் வந்திருந்தார். வாய்ப்பேச்சில் யாரையும் விடாதவர். முன்வரிசையில் உட்கார்ந்து, வக்கீல் பாதி சொல்வதற்குள் எழுந்துவிட்டார்.

"சார், நீங்க நல்லாத்தான் சொல்றீக. எனக்கு லாரி நிக்குது. இது வருமா, வராதா? ஒத்தச் சொல்லுல சொல்லுங்க."

"ஒத்தச் சொல்லுல சொல்ல முடிஞ்சா அது சட்டம். இது இன்னும் ஆகலையே."

"அப்ப நான் என்ன செய்ய?"

"வந்தா உங்களை எங்குட்டுப் பிடிக்கும்னு தெரிஞ்சுக்கிடுங்க. அது சரியில்லைன்னா, இப்பவே எழுதிக் கேளுங்க."

"நாம எழுதுனா அங்க யாரு படிக்கா?"

"கருத்துக் கேட்டிருக்காக. கேட்டவகளுக்குப் பதில் சொல்லாம இருந்தா நல்லாவா இருக்கும்?"

மண்டபம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அவருக்கு அது மரியாதை சம்பந்தப்பட்ட விஷயம். ஒவ்வொரு வரைவுக்கும் அவரிடமிருந்து ஆட்சேபனைக் கடிதம் ஒன்று சென்னைக்குப் போகும். கிடைத்தது என்று பதில் வரும். வேறு எதுவும் வந்ததாக நினைவில்லை. அடுத்த வரைவுக்கு மறுபடியும் எழுதுவார்.

வீட்டிலும் இதே கதைதான். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, பத்திரிகை அடித்து, பந்தக்கால் நட்ட பிறகும், கேட்டவர்களிடம் "பேச்சு நடந்துக்கிட்டிருக்கு" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அவர் மனைவி என்னிடம் புலம்பினார்: "தாலி கட்டுற வரைக்கும் மருமகனை வரைவுலயே வச்சிருக்காரு. மாப்பிள்ளை வீட்டுக்காரக காதுல விழுந்தா என்ன நினைப்பாக, சொல்லுங்க." தாலி ஏறிய நிமிஷத்தில் என் பக்கம் திரும்பி, "ஆயிருச்சு" என்றார். கண் கலங்கியிருந்தது.

இப்படிப்பட்ட மனிதர் தன் வாழ்நாளில் ஒரே ஒரு வரைவைப் பற்றி விளக்கம் சொன்னதற்காக வருந்தினார். அதைச் சொல்வதற்காகவே இதை எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகள் பலவற்றில் யாரும் இல்லை. முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலுமாக நீண்டு கிடக்கும். முற்றத்தைச் சுற்றி ஒவ்வொரு பங்காளிக்கும் ஓர் அறை, ஒரு பூட்டு. பங்காளிகள் எல்லோரும் வெளியூரில். கல்யாணத்துக்கும் முன்னோருக்குப் படையல் போடும் நாளுக்கும் கூடுவார்கள், கலைவார்கள். அந்த வரைவு இந்த வீடுகளைத்தான் பேசியது. பூட்டிக் கிடக்கும் வீட்டுக்குக் கூடுதல் சொத்து வரி. பழைய கட்டடத்துக்குக் காப்பீடு. பல பங்காளிகள் இருந்தால் ஒருவர் பொறுப்பாளராகப் பதிய வேண்டும். வீட்டில் குடியிருக்கும் ஒவ்வொருவரையும் உரிமையாளர், வாடகைதாரர், ஊழியர் என்ற மூன்று கட்டங்களில் ஒன்றில் எழுத வேண்டும்.

இதைப் படித்துவிட்டு அவர் வழக்கம்போல் என் ஜன்னலுக்கு வந்தார். பிறகு, "கட்டம் இல்லாத ஆளு ஒருத்தர் இருக்காக" என்றார். யார் என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை.

எங்கள் இருவருக்கும் தெரிந்த ஒரு வீட்டில் ஓர் ஆச்சி இருந்தார். சிறு வயதிலேயே கணவரை இழந்தவர். நோயில் படுத்த தங்கையைப் பார்த்துக்கொள்ள அந்த வீட்டுக்கு வந்தார். தங்கை இறந்த பிறகு, தங்கையின் மகனை வளர்ப்பதற்காக இருந்துவிட்டார். மகன் படித்துச் சென்னைக்குப் போய், அங்கேயே குடும்பமாகிவிட்டார். ஆச்சி வீட்டிலேயே தங்கிவிட்டார். காலையில் எல்லா அறைகளையும் திறந்து காற்றாட விடுவார். சாயந்தரம் எல்லாவற்றையும் பூட்டுவார். அந்த வீட்டில் அவருக்குப் பங்கு இல்லை. வாடகை கொடுக்கவில்லை, சம்பளம் வாங்கவில்லை. இருங்கள் என்று யாரும் சொன்னதில்லை, போங்கள் என்றும் சொன்னதில்லை. வீடு திறந்து கிடப்பதில் எல்லாப் பங்காளிகளுக்கும் திருப்திதான்.

மண்டபத்தில் வக்கீல் அந்த வீட்டைத்தான் எடுத்துக்காட்டாக வைத்தார். பேர் சொல்லவில்லை. ஆனால் ரெண்டு தெருவுக்கு நீண்ட வீடு, தனியாக ஒரு அம்மா, காலையில் திறந்து மாலையில் பூட்டுகிறார் என்றதுமே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அந்தத் தங்கை மகனும் ஊருக்கு வந்திருந்தவர், பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

"அந்த அம்மாவ எந்தக் கட்டத்துல எழுதுவீக?" என்று வக்கீல் கேட்டார். "மூணுலயும் எடமில்ல. கட்டத்துல வராத ஆளு ஒருத்தர் குடியிருந்தா, வீட்டை வணிகக் கட்டடமாக் கணக்கெடுக்கலாம்ங்குது இந்த வரைவு. நாளைக்குத் தீப்பிடிச்சா காப்பீடு குடுக்க வேண்டியதில்லைங்குது. வந்தா இப்படி ஆகும். இது தப்பு. இந்த மாதிரி ஆளுகளுக்குன்னு ஒரு கட்டம் சேருங்கன்னு நாம எல்லாரும் சேந்து எழுதிக் கேக்கணும்."

கடைசி இரண்டு வாக்கியங்களை அவர் சொன்னபோது மண்டபத்தில் பேச்சுச் சத்தம் எழுந்துவிட்டது. என் நாட்குறிப்பில் அந்த வாக்கியங்களை முழுதாக எழுதி வைத்திருக்கிறேன். அவை காதில் விழும் தூரத்தில் நான் இருந்தேன். ஆலைக்காரர் உரக்கச் சொன்னது மட்டும் எல்லோருக்கும் கேட்டது.

"அப்ப அந்தம்மா ஒரு ஆளாலதான் மொத்த வீட்டுக்கும் ஆபத்துன்னு சொல்லுங்க!"

"நான் அப்படிச் சொல்லலையே" என்றார் வக்கீல். வடைத் தட்டு வந்துவிட்டது.

அந்த வாரமே அந்த வீட்டை அளந்து வரைபடம் போடப் பங்காளிகள் என்னைக் கூப்பிட்டார்கள். எந்த அறை யாருடையது என்று குறித்துத் தர வேண்டும். அளவு நாடாவின் மறுமுனையை ஆச்சியே பிடித்துக்கொண்டார். ஒல்லியான உடம்பு, இடுப்பில் கனமான சாவிக்கொத்து. பேச்சு ஓயாது.

"இந்த அறைய மெதுவா அளங்க. கோயமுத்தூர்க்காரன் பங்கு. அவன் உத்தரவு இல்லாம எலி கூட உள்ள நுழையாது."

"இது யாரோடது ஆச்சி?"

"இது மலேசியாக்காரக. கடைசியா வந்தப்ப ஒரு அலாரம் கடிகாரத்த வச்சுட்டுப் போயிட்டாக. அது நெனச்ச நேரத்துக்கு அடிக்கும். முதல்தடவை அடிச்சப்ப நான் திருடன்னு நெனச்சு உலக்கைய எடுத்துட்டேன்."

சிரித்துக்கொண்டே ஒவ்வோர் அறைக்கும் பேர் எழுதினேன். எல்லாம் முடிந்த பிறகு, "உங்க அறை எது ஆச்சி?" என்று கேட்டேன்.

"எனக்கு எதுக்கு? எல்லா அறையையும் தொறக்குறவ நானு."

அடுப்படிக்குப் போகும் நடையில் சுருட்டி வைத்த பாயும் தலையணையும் ஒரு டிரான்சிஸ்டரும் இருந்தன. வரைபடத்தில் அந்த இடத்தில் ‘நடை’ என்று எழுதினேன்.

தங்கை மகன் வக்கீலைப் பார்க்க வந்த அன்று இரண்டு அறைக் கதவுகளும் திறந்துதான் இருந்தன. அவர் கெட்டவர் இல்லை. முகத்தில் தூக்கமில்லாத களைப்பு தெரிந்தது.

"பங்காளிக எல்லாரும் போன்ல பேசி முடிச்சுட்டாக சார். பெரியாத்தா அங்க இருக்கக் கூடாதாம்."

"எதுக்கு?"

"நீங்கதான சொன்னீக, அவுகளுக்குக் கட்டமே இல்லைன்னு."

"வந்தான்னு சொன்னேன். கட்டம் சேக்கச் சொல்லி எழுதுவோம்னும் சொன்னேன். நானே எழுதிப் போட்டுட்டேன்."

"நாளைக்கு வந்துட்டா?"

"நாளைக்கே வராது. வர்றதுக்கு முன்னாடி ஒரு வழி இருக்கு. வீட்டைப் பாத்துக்கிடுறவகன்னு ஒரு பத்திரம் எழுதுவோம். மாசம் ஏதோ ஒரு சம்பளம் போடுங்க. ஊழியர் கட்டத்துல வந்துருவாக."

"அதையும் சொல்லிப் பாத்துட்டேன். எழுத்துல வந்துட்டா அவுகளுக்கு உரிமை வந்துரும்ங்கிறாக. இவ்வளவு நாளா எழுதாம இருந்ததாலதான் ஒரு பிரச்சினையும் இல்லாம இருந்துச்சாம்."

"அப்ப எழுதாமயே இருக்கட்டும்."

"எழுதாம இருந்தாத்தான ஆபத்துன்னு நீங்க சொல்றீக."

வக்கீல் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். தன் பேச்சு இப்படிச் சுற்றிக்கொண்டு தன் மேசைக்கே திரும்பி வந்ததை அவர் அதுவரை பார்த்திருக்க மாட்டார்.

"உங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாமே" என்றார் கடைசியில்.

"ரெண்டே ரூம் சார். மாமனார் மாமியார் வேற இருக்காக." அவர் தரையைப் பார்த்தார். "கோவிலூர்ப் பக்கம் ஒரு முதியோர் இல்லம் நல்லா இருக்காம். பணமெல்லாம் நான் கட்டிருவேன்."

ஆச்சி கிளம்பிய காலையில் வரைபடத்தைக் கொடுக்கப் போயிருந்தேன். வக்கீலும் வந்திருந்தார். ஆச்சி தங்கை மகனை முற்றத்தில் நிறுத்தி, ஒவ்வொரு சாவியாகக் காட்டிக்கொண்டிருந்தார்.

"இது மேல அறைக்கு. கதவ லேசா இழுத்துப் பிடிச்சுக்கிட்டுத் திருப்பணும், இல்லாட்டி மாட்டிக்கிரும். இது பூசை அறைக்கு. மழைக்காலத்துல எண்ணெய் விடணும். கேக்குறியா? எங்கிட்டுப் பாக்குற?"

"கேக்குறேன் பெரியாத்தா." அவர் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டிருந்தார்.

கொத்தைக் கொடுத்துவிட்டு ஆச்சி வக்கீலிடம் வந்தார். குரலில் கோபம் இல்லை. விவரம் தெரிந்துகொள்ளும் குரல்.

"வக்கீலு, உங்க சட்டத்துல என்னைய மாதிரி ஆளுக்கு எடமில்லையாம்ல?"

"என் சட்டம் இல்ல ஆச்சி. அது இன்னும் சட்டமே ஆகல."

"பின்ன எதுக்கு எல்லாரும் இப்படிப் பதறுறாக?"

ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். டிரான்சிஸ்டரை மடியில் வைத்துக்கொண்டு ஆச்சி ஏறிக்கொண்டார்.

சில மாதங்கள் கழித்து அரசு அந்த வரைவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. நிறைய ஆட்சேபனைகள் போயிருந்தன என்று பேசிக்கொண்டார்கள். அவருடைய கடிதமும் அதில் ஒன்று. வேறு யாராக இருந்தாலும் டீக்கடையில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்திருப்பார். அவர் செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு என் அறை வாசலில் நின்றார். "வரல" என்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

அன்றே சென்னையில் இருந்த தங்கை மகனுக்குப் போன் போட்டார். எதிர்ப்பக்கம் சொன்னதை அவர் திருப்பிச் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அடுத்த வரைவு எப்போது வருமோ என்று பங்காளிகள் பயப்படுகிறார்களாம். ஒருமுறை போனவரைத் திரும்பக் கூப்பிட்டு உட்கார வைத்தால், பிறகு எழுப்பவே முடியாது என்கிறார்களாம். வீட்டைச் சாப்பாட்டு விடுதிக்குக் கேட்டு யாரோ வந்திருக்கிறார்களாம்.

"சட்டம் வந்திருந்தாக்கூட அதுக்கு மேல அப்பீல் போகலாம்" என்றார் அவர். "வராததுக்கு எங்க போயி அப்பீல் பண்றது?"

அதற்குப் பிறகு மண்டபத்தில் அவர் விளக்கம் சொல்லவில்லை. வணிகர்கள் வந்து கூப்பிட்டுப் பார்த்தார்கள். உடம்பு சரியில்லை என்று தட்டிக்கழித்தார். வரைவுகள் வந்தால் படிப்பார், எழுதி அனுப்புவார். ஜன்னலுக்கு வருவதில்லை. எந்த வீட்டையும் எடுத்துக்காட்டாகச் சொல்வதில்லை. டீக்கடைக்காரர் மழையைப் பற்றிக் கேட்டால், "தெரியலப்பா" என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு கோவிலூர்ப் பக்கம் போனார். ஆச்சியிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் கிளம்பினார். வழியெல்லாம் அதைத்தான் பேசினார். வரைவு திரும்பப் போய்விட்டது, சட்டப்படி யாரும் அவரை வெளியேற்றவில்லை, அவர் தெரிந்துகொள்ள வேண்டும், அது அவருடைய உரிமை என்றார்.

இல்லம் சுத்தமாக இருந்தது. கூடத்தில் தொலைக்காட்சி ஓடியது. ஆச்சி இன்னும் மெலிந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தானே இழுத்துப் போட்டார்.

"வாங்க, வாங்க. டிப்ளமோகாரரும் வந்திருக்கீகளா? இங்க ஒரே சங்கடம் என்னன்னா, எதையும் தொறக்க வேண்டியதில்ல. எல்லாக் கதவும் தொறந்தே கெடக்கு." சிரித்தார். பிறகு நாற்காலியை முன்னால் நகர்த்திக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "வக்கீலு, அந்தச் சட்டம் வந்துருச்சா?"

நான் வக்கீலைப் பார்த்தேன். அவர் ஆச்சியின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவை மடியில், ஒன்றை ஒன்று இறுகப் பிடித்துக்கொண்டு இருந்தன.

"வந்துருச்சு ஆச்சி" என்றார்.

ஆச்சி நீளமாக மூச்சு விட்டார். "அதான பாத்தேன். சட்டம் வராமயா அவன் என்னையக் கொண்டாந்து விடுவான்? அவனுக்கு அம்மை போட்டப்ப எத்தனை நாளு மடியிலயே வச்சுக்கிட்டுக் கெடந்தேன். அவன் என்ன செய்வான், பாவம். சட்டம்னா சட்டந்தான்."

"ஆமா ஆச்சி."

"அப்ப எதுத்த வீட்டுச் சமையல்காரி? அவளையும் அனுப்பிட்டாகளா?"

வக்கீல் ஒரு கணம் யோசித்தார். "இல்ல. அவுக சம்பளத்துக்கு இருக்காக. ஊழியர் கட்டத்துல வந்துருவாக."

"பின்தெருவுல காது கேக்காத ஒரு ஐயா இருக்காரே?"

"அவரு பங்காளி. உரிமையாளர் கட்டம்."

"சரி. அப்ப என்னைய மாதிரி இருக்கிறவகளுக்கு மட்டுந்தான்."

"ஆமா. மூணாம் பிரிவு. ஆயினும்னு ஒரு வரி இருக்கு. அதுலதான்."

ஆச்சி ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டார். வக்கீல் ஒவ்வொரு வீடாக, ஒவ்வோர் ஆளாக, இல்லாத சட்டத்தின் ஒவ்வொரு பிரிவையும் விளக்கிக்கொண்டிருந்தார். ஓரிடத்திலும் முன்னுக்குப் பின் முரணாகச் சொல்லவில்லை. மண்டபத்தில் அவர் பேசிக் கேட்டவர்கள் யாரும் இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை.

பிறகு அவர் தனியாகவே போய்வரத் தொடங்கினார். மாதத்தில் ஒரு ஞாயிறு, தவறாது. ஆச்சி சட்டத்தைப் பற்றிக் கேட்பார், இவர் சொல்வார். சில சமயம் திங்கட்கிழமை என்னிடம் வந்து, "நேத்து ஒரு கேள்வி கேட்டாக பாருங்க. கட்டத்துல இல்லாத ஆளு விருந்தாளியா ஒரு நாளு வந்து தங்கலாமான்னு" என்பார். என்ன சொன்னீர்கள் என்று கேட்டால், "வீடு தொறந்திருந்தா தங்கலாம்னு சொன்னேன்" என்பார். வீடு திறந்திருக்கவில்லை.

போன வருஷம் மழைக்காலத்தில் அவர் இறந்துபோனார். மாரடைப்பு. அவர் அறைக்கு இப்போது வேறொருவர் வந்துவிட்டார், செல்போன் பழுது பார்ப்பவர். காரியமெல்லாம் முடிந்த பிறகு, ஆச்சிக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று தோன்றியது. வக்கீல் வழக்கமாகப் போகும் ஞாயிற்றுக்கிழமையில் நான் போனேன்.

ஆச்சி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார். நான் சொன்னேன்.

அழவில்லை. வாசல் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே சாப்பாட்டு மணி அடித்தது, எழுந்திருக்கவில்லை.

"போன மாசம் வந்தப்பவும் கேட்டேன்" என்றார். "இன்னும் மாத்தல ஆச்சி, அப்படியேதான் இருக்குன்னாரு. மாத்துனா மொத ஆளா ஓடியாந்து சொல்லுறேன்னு சொல்லிட்டுப் போனாரு." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "இனிமே அதை மாத்துனா எனக்கு யாரு வந்து சொல்லுவா?"

"நான் வந்து சொல்லுறேன் ஆச்சி" என்றேன்.